இடி கேட்டால் மலையை விட்டு இறங்குவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் அணியினர் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோ, வேலை நாள், சேமலாப நிதி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு மழையைப் பற்றியும் இடி மின்னலைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இதுவும் தொழிற்சங்க விசயந்தான். சம்பளம் கூடி வரும்போது அதை வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும். மின்னல் அடிக்கும் நேரத்தில் மலையில் நிற்பவர் யார், நிற்கச் சொல்பவர் யார், இறங்கினால் பேர் போடுவார்களா மாட்டார்களா என்பதெல்லாம் வேலை நிலைமை பற்றிய கேள்விகள். அதை வானத்தின் மேல் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது.

எப்போது வரும்?

நமது நாட்டில் வருடம் முழுவதும் ஒரே மாதிரி இடி இடிப்பதில்லை. இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலங்களில்தான் மின்னல் அதிகம். மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் மற்றொன்று. இந்த மாதங்களில் காலை நேரம் நல்ல வெயிலாக இருக்கும். வெயிலில் தரை சூடாகி, ஈரக் காற்று மேலே எழும்பி, பகல் சாப்பாட்டு நேரம் தாண்டும்போது மலைக்கு மேல் கறுத்த முகில் கூடிவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் "மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பிற்பகல் வேளையில் இடியுடன் கூடிய மழை" என்று வானொலியில் வாசிப்பது இதைத்தான். அதாவது பகல் கொழுந்து நிறுத்துவிட்டு அந்திக் கொழுந்துக்கு மலை ஏறுகிற அதே நேரம்.

இன்னொன்றையும் உங்கள் காதில் போட்டுவைக்க வேண்டும். மின்னல் எச்சரிக்கை விடும்போது அந்தத் திணைக்களம் பொதுமக்களுக்குச் சில அறிவுரைகளைச் சொல்கிறது. மரத்தடியில் ஒதுங்க வேண்டாம், வயல் வெளி, தேயிலைத் தோட்டம், நீர்நிலை போன்ற திறந்த இடங்களில் நிற்க வேண்டாம், துவிச்சக்கர வண்டி, டிராக்டர், படகு போன்ற திறந்த வாகனங்களில் போக வேண்டாம் என்கிறது. தேயிலைத் தோட்டம் என்று பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. அரசாங்கத் திணைக்களமே நிற்க வேண்டாம் என்று சொல்லும் இடத்தில், நிறைக்குக் கொழுந்து குறைகிறது என்று ஆளை நிறுத்தி வைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? துரைமாரோடு பேசும்போது இந்த அறிவுரையை முதலில் மேசையில் வையுங்கள்.

தேயிலை மலையில் ஏன் ஆபத்து கூட?

மின்னல் என்பது முகிலுக்கும் தரைக்கும் இடையில் பாயும் மின்சாரம். அது போகும் பாதையில் காற்று ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. அப்படிச் சூடான காற்று ஒரே நொடியில் விரிந்து வெடிக்கும் சத்தம்தான் இடி. தரையில் உயர்ந்து, தனியாக நிற்கும் பொருளையே அது பெரும்பாலும் தேடி வரும்.

இப்போது நமது மலையை நினைத்துப் பாருங்கள். தேயிலைச் செடி இடுப்பளவு. நிரை பிடித்து நிற்கும் நமது பெண்கள் அந்தச் செடிக்கு மேல் தலை தெரிய நிற்கிறார்கள். அதைவிட உயரமாக நிற்பது ஆங்காங்கே இருக்கும் சவுக்கு மரம். மழை வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஐந்தாறு பேர் அந்தச் சவுக்கு மரத்தடிக்குத்தான் ஓடுகிறோம். அங்கேதான் ஆபத்து அதிகம். மரத்தில் விழுந்த மின்னல் மரத்தோடு நின்றுவிடாது. பக்கத்தில் நிற்கும் ஆளின் மேல் தாவும். மரத்தடியில் இறங்கியது வேர் வழியாகத் தரையில் பரவி, காலடியில் ஏறி மறு காலில் இறங்கும். நேரே தலையில் விழுந்து இறப்பவர்களைவிட, இப்படித் தரை வழியாகவும் பக்கத்தில் இருந்த பொருள் வழியாகவும் தாக்கப்படுபவர்களே அதிகம். ஒரே மரத்தடியில் நின்ற பலர் ஒன்றாக விழுவதற்குக் காரணமும் இதுதான்.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும்படி நமது பாட்டிமார் சொல்லிக் கொடுத்தார்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சவுக்கு மரத்தடியில் நின்று சொல்லக் கூடாது. கட்டடத்துக்குள் போய்ச் சொல்ல வேண்டும்.

எண்ணத் தெரிந்தால் போதும்

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அறிய யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒளி கண்ணில் பட்ட உடனே ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். இடி கேட்டவுடன் நிறுத்துங்கள். சத்தம் மூன்று செக்கனில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் வரும். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீற்றர். முப்பது எண்ணினால் பத்துக் கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் அடுத்த மின்னல் உங்கள் மலையிலேயே விழலாம். மழை இங்கே பெய்யவில்லையே என்று நினைக்க வேண்டாம். மழை விழும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளியும் மின்னல் விழும்.

ஆனால் நமது பக்கத்தில் இந்தக் கணக்குக்கும் ஒரு தடை இருக்கிறது. பனிமூட்டம் இறங்கினால் ஒளி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த மலையின் பின்னால் அடித்தாலும் ஒளி தெரியாது. அதனால் சங்கம் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே ஒரு விதியைச் சொல்கிறது: இடிச் சத்தம் காதில் விழுந்தால் மலையை விட்டு இறங்கு. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் ஆகும் வரை திரும்பி ஏறாதே. மழை விட்டுவிட்டது, வெயில் அடிக்கிறது என்று உடனே ஏறுபவர்களும் அடிபடுகிறார்கள். முகில் விலகிப் போகும்போதும் அதன் கடைசி மின்னல் இருக்கிறது.

எங்கே ஒதுங்குவது?

நான்கு பக்கமும் சுவர் உள்ள, மின் இணைப்பும் தண்ணீர்க் குழாயும் உள்ள கட்டடமே நல்ல இடம். தொழிற்சாலை, பாடசாலை, பிள்ளைக் காம்பரா, காரியாலயம் எல்லாம் அப்படி. கண்ணாடி ஏற்றி மூடிய லொறி, பஸ், வேன் ஆகியவையும் பாதுகாப்பானவை. அதன் தகர உடம்பு மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும். உள்ளே இருப்பவர்கள் தகரத்தைத் தொடாமல் இருந்தால் போதும். முச்சக்கர வண்டியும் டிராக்டர் பெட்டியும் இந்தக் கணக்கில் சேராது.

நான்கு தூணில் தகரம் போட்ட கொழுந்து மடுவம் மழைக்கு ஒதுங்க நல்லது. மின்னலுக்கு அது பாதுகாப்பு இல்லை. கோயில் முன் மண்டபமும் பஸ் தரிப்பிடமும் அப்படியே. சுவர் இல்லாத கூரை எதையும் நம்ப வேண்டாம்.

ஓட நேரமில்லாமல் நடு மலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில் உச்சியையும் முதுகு மேட்டையும் விட்டுக் கீழே இறங்குங்கள். தனி மரத்தை விட்டு விலகுங்கள். மட்டக்கம்பு, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மண்வெட்டி, மருந்து அடிக்கும் கான் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு நகருங்கள். கொட்டும் மழையில் வெட்டுக் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டாம். மின்னல் ஒருபுறம், மேலிருந்து அடித்து வரும் தண்ணீர் மறுபுறம். எல்லோரும் ஒன்றாக நெருங்கி நிற்காமல் தள்ளித் தள்ளி நில்லுங்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்க வேண்டும் அல்லவா? இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்தி, தலையைக் குனிந்து, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். தரையில் நீட்டிப் படுக்க வேண்டாம். இதனால் ஆபத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நேரத்தோடு இறங்குவதற்கு ஈடாக வேறு எதுவும் இல்லை.

பேர் யார் போடுவது?

இங்கேதான் நமது உண்மையான சிக்கல் இருக்கிறது. இடி இடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மலையில் நிற்கும் அக்காவுக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். ஆனாலும் யாரும் முதலில் இறங்குவதில்லை. கிலோ சேரவில்லை. இறங்கினால் அரைப் பேர். அரைப் பேர் என்றால் அந்த வாரக் கடைக் கணக்கில் அரிசி குறையும். "நீங்க மட்டும் போனா போங்க" என்று ஒரு சொல் மேலே இருந்து வரும். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மின்னல் விழுந்துவிடும். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

தனியாக இறங்கினால் அது வேலைக்கு டிமிக்கி என்று சொல்வார்கள். எல்லோரும் ஒரு விதிப்படி இறங்கினால் அது பாதுகாப்பு நடைமுறை. அதனால் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மாதாந்தப் பேச்சுவார்த்தையில் பின்வருவனவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

முதலாவது, இடி கேட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் மலையில் நிற்கும் கங்காணிக்கோ வெளிக்கள உத்தியோகத்தருக்கோ இருக்க வேண்டும். துரைக்குப் போன் எடுத்து அனுமதி கேட்கும் வேலை கூடாது. அவர் நிறுத்தாவிட்டால் நிரையில் உள்ள எவரும் நிறுத்தலாம்.

இரண்டாவது, இடிக்காக இறங்கிய நேரத்துக்கு எவருக்கும் பேர் குறையக் கூடாது. அன்றைய கிலோவை அந்த நேரத்துக்கு ஏற்பக் குறைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் வேலையை நேரத்தோடு தொடங்கி, உச்சி மலைகளைக் காலையிலும் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் பக்கத்து மலைகளைப் பிற்பகலிலும் கொடுக்க வேண்டும். இதில் தோட்டத்துக்கு ஒரு சதமும் நட்டமில்லை. பிரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கும்போதே செய்யக்கூடிய காரியம் இது.

நான்காவது, தொழிற்சாலை, பிள்ளைக் காம்பரா, பாடசாலை ஆகியவற்றுக்கு இடிதாங்கி இருக்கிறதா, இருந்தால் அதன் செப்புப் பட்டி தரை வரை அறாமல் இறங்குகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். பாதியில் அறுந்த இடிதாங்கி ஆபத்தானது.

வேலை நேரத்தில் யாருக்காவது மின்னல் தாக்கினால், அன்றைக்கே தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் அறிவித்து, வைத்தியசாலைத் துண்டையும் சாட்சிகளின் பெயரையும் எடுத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் உரியது. "அது கடவுள் செயல்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட இடம் கொடுக்காதீர்கள். வேலைக்காக அந்த இடத்தில் நின்றபோது நேர்ந்தது என்பதைக் காட்ட வேண்டியது நமது பொறுப்பு. அதற்குப் பதிவு வேண்டும்.

லயத்துக்குள்

லயத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை. நமது லயங்களில் தகரக் கூரை. ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்குத் துணி காயப் போடும் இரும்புக் கம்பி. கூரையில் டிஷ் அன்டனா. ஒரே இணைப்பிலிருந்து இழுத்த வயர். லயத்தின் ஒரு முனையில் விழுந்த மின்னல் மறுமுனை வரை ஓடுவதற்கு நாமே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

துணிக் கம்பியை உலோகத்தில் போடாமல் நைலோன் கயிற்றில் போடுங்கள். முகில் கறுக்கும்போதே டீவி, ரேடியோ, ரைஸ் குக்கர் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். அன்டனா வயரையும் டீவியிலிருந்து கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்ப் பிளக்கைத் தொடுவது ஆபத்து. அப்போது பொருள் போனாலும் போகட்டும், விட்டுவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மின்கசிவிலிருந்து உயிரைக் காப்பதற்கு அது அவசியம். மின்னலை அது தடுக்காது.

கைத்தொலைபேசி மின்னலை இழுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கையில் இருக்கும் போன் இழுக்காது. சார்ஜில் போட்டபடி பேசுவதுதான் ஆபத்து. வயர் உள்ள தொலைபேசியையும் அந்த நேரத்தில் எடுக்க வேண்டாம்.

வேலை முடிந்து வந்து பீலிக்கரையில் குளிப்பதும் துணி துவைப்பதும் அந்திக்குத்தான். இரும்புக் குழாயும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்கும்போது பீலிக்கரைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இஸ்தோப்பில் நின்று வேடிக்கை பார்ப்பது, கதவு நிலையில் சாய்ந்து நிற்பது, ஈரச் சுவரில் முதுகு வைத்து உட்காருவது இவற்றையும் விடுங்கள். நடு அறையில், பலகை மேல் இருப்பது நல்லது.

மழைக்குப் பின் அறுந்து கிடக்கும் மின்கம்பியை யாரும் தொடக் கூடாது. கம்பால் தள்ளவும் கூடாது. பிள்ளைகளையும் மாட்டையும் தூர நிறுத்திவிட்டு மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

அடிபட்டவரைத் தொடலாம்

இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். மின்னல் தாக்கிய ஆளின் உடம்பில் மின்சாரம் தங்கி இருக்காது. தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பயந்து நிற்கும் அந்த நாலைந்து நிமிடத்தில்தான் காப்பாற்றக்கூடிய உயிர் போகிறது. மின்னல் தாக்கியவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கக்கூடியவர்கள்.

பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால், முனகுகிறவரும் அசைகிறவரும் பெரும்பாலும் தாங்குவார்கள். அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். செத்துப்போனார் என்று துணியைப் போர்த்த வேண்டாம். மின்னல் இதயத்தையும் மூச்சையும் நிறுத்தியிருக்கும். கையால் அழுத்தினால் மீண்டும் தொடங்கலாம்.

மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குலம் அமுங்கும்படி வேகமாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பழகியவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மின்னல் தாக்கியவருக்கு இதயம் திரும்பினாலும் மூச்சு திரும்பத் தாமதிக்கும் என்பதால் இது முக்கியம். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் 1990 சுவசெரிய அம்பியூலன்சுக்குப் போன் பண்ணட்டும். அம்பியூலன்ஸ் வரக்கூடிய பாதை வரை தூக்கிப் போக கம்பளியும் இரண்டு கம்பும் போதும். எழுந்து நடந்தவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். காது, கண், ஞாபகம், நரம்பு ஆகியவற்றில் பாதிப்பு பின்னர்தான் தெரியவரும்.

ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்களாவது இதைப் பழகியிருக்க வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளரைக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைப்பதற்குக் கமிட்டிகள் ஏற்பாடு செய்யுங்கள். மாதர் தலைவிகள் முன்னின்றால் நடக்கும்.

மண் பேசுவதைக் கேட்போம்

மின்னல் ஒருவரை எடுக்கும். மண்சரிவு ஒரு லயத்தையே எடுக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்கு அடியில் போயின. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, போவதற்கு ஒரு துண்டு நிலம் வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பாதைகள் மூடின, போன் வேலை செய்யவில்லை. அந்த நாட்களில் பக்கத்துக் காம்பராக்காரர்தான் முதல் உதவிக்காரர்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படி எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இரு. சிவப்பு என்றால் வெளியேறு. இதற்கு மழை அளவிலும் கணக்கு உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 தாண்டினால் தயார். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். அங்குலக் கணக்கில் சொன்னால் மூன்று, நான்கு, ஆறு.

தோட்டத்தில் மழைமானி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்கள். உரம் போடுவதற்கும் பயிர்க் கணக்குக்கும் அந்த இலக்கம் பயன்படுகிறது. அதே இலக்கத்தைப் பிரட்டுக்களத்துப் பலகையில் தினமும் எழுதிப் போடும்படி கேளுங்கள். அதற்குள் நாமும் சும்மா இருக்க வேண்டாம். பக்கம் நேராக உள்ள ஒரு வெறும் டின்னை மரமும் கூரையும் இல்லாத இடத்தில் வைத்து, பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழைமானி. லயத்துக்கு ஒரு டின், ஒரு பிள்ளை, ஒரு கொப்பி. இரவு பத்து மணிக்கு டின்னில் நான்கு அங்குலம் இருந்து மழையும் விடவில்லை என்றால் அந்த லயத்தில் யாரும் தூங்கக் கூடாது.

அறிக்கை வராவிட்டாலும் மண் முன்கூட்டியே சொல்லும். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு விழுவது, பழைய வெடிப்பு அகலுவது, நேற்று மூடிய கதவு இன்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, மலையில் உறுமல் சத்தம் கேட்பது எல்லாம் அடையாளங்கள். இதில் ஒன்றைக் கண்டாலும் சாமானை எடுக்க நிற்காமல் ஆளை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகிப் போங்கள். சரிவின் பாதையிலேயே கீழ் நோக்கி ஓட வேண்டாம். பிறகு 117க்கு, அதாவது இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு, அறிவியுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

லயத்துக்கு ஒரு பட்டியல்

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லயத்திலும் தனியாக நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணித் தாய் யார், கைப்பிள்ளைக்காரி யார், இரவில் யார் வீட்டில் ஆண் துணை இல்லை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் தூக்க இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் குறித்துவையுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் வயதான தாய் தகப்பன்மார் நமது லயங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு பொலித்தீன் பையில் அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், சேமலாப நிதிப் பத்திரங்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஒரு வாரத்து மருந்து, டோர்ச், கொஞ்சம் பிஸ்கட் ஆகியவற்றைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம் தொலைந்துவிட்டால் அதை எடுக்க நமது சனம் படும் பாடு சொல்லி முடியாது. எங்கே போய்ச் சேருவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கோயிலோ பாடசாலையோ அதே சரிவுக்குக் கீழே இருந்தால் அது புகலிடம் ஆகாது. பிரதேச செயலகத்தில் உங்கள் பிரிவுக்கு மண்சரிவு ஆய்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

தலைவர்களே, தலைவிகளே, பையும் பட்டியலும் ஓர் இரவைத் தாண்ட உதவும். நூறு வருடத்துக்கு முந்திய லயத்தை, வேறு எதற்கும் ஆகாத சரிவில், நமது பாட்டன்மாருக்குக் கேட்காமலே கட்டினார்கள். "ஆபத்து, வெளியேறு" என்று கடிதம் வருகிறது. சொந்தமாக ஓர் அடி மண் இல்லாதவன் வெளியேறி எங்கே போவான்? மழை விட்டதும் அதே காம்பராவுக்குத்தான் திரும்புகிறான். அதனால் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணியும் தனி வீடும் வேண்டும் என்ற நமது கோரிக்கையை யாரும் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். அது உயிர்ப் பாதுகாப்புக் கோரிக்கை. அதைப் பெறும் வரை சங்கம் விடாது.

அதுவரை இந்தப் பருவத்தை எல்லோரும் உயிரோடு கடக்க வேண்டும். அடுத்த பிரட்டில் உங்கள் நிரையில் உள்ளவர்களுக்கு இந்த ஒரு விதியைச் சொல்லுங்கள்: இடி கேட்டால் இறங்குவோம், ஒன்றாக இறங்குவோம், அரை மணித்தியாலம் பொறுத்து ஒன்றாக ஏறுவோம். அதற்காக ஒருவருடைய பேரைக் குறைத்தால், அன்று மாலையே சங்கக் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.